கடலில் ஒரு குருக்ஷேத்திரம் – 14: பேர் வைத்த கப்பல்களும் எண் போட்ட கப்பல்களும்

1937 வாக்கில் தென்மேற்கு ஜப்பானின் மீனவர்களுக்குப் புதிதாக ஒரு தலைவலி வந்தது. கயிறு திரிக்கவும் வலை கட்டவும் பயன்படும் பனைநார் சந்தையில் கிடைக்கவில்லை. என்ன விலை கொடுத்தாலும் இல்லை. யாரோ மொத்தமாக வாங்கிப் பதுக்குகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. வாங்கியது யார், எதற்கு என்று சொல்ல ஆளில்லை.

அத்தனை நாரும் போய்ச் சேர்ந்த இடம் நாகசாகியின் மிட்சுபிஷி கப்பல் கட்டும் தளம். அங்கே கடற்படைக்காக ஒரு பூதம் உருவாகிக்கொண்டிருந்தது. தளத்துக்கு எதிரே, துறைமுகத்தின் மறுகரையில், பிரிட்டனின் துணைத் தூதரகமும் அமெரிக்காவின் துணைத் தூதரகமும். ஜன்னலைத் திறந்தால் கப்பல் தெரியும். எனவே சுமார் 400 டன் எடையில் நார்த்திரை பின்னி, தளத்தையே மூடிவிட்டார்கள். 1940 நவம்பர் 1 அன்று அந்தக் கப்பலைத் தண்ணீரில் இறக்கினார்கள். கப்பல் விழுந்த வேகத்தில் எழும்பிய அலை எதிர்க்கரையில் இருந்த வீடுகளுக்குள் புகுந்தது. கப்பலின் பெயர் முசாஷி. அதன் அக்கா யமாட்டோ, குரே துறைமுகத்தில் மூன்று மாதங்களுக்கு முன்பே மிதந்துவிட்டாள்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியக் கடற்படை உலகின் மூன்றாவது பெரிய கடற்படை. பசிஃபிக்கில் அமெரிக்காவுக்கும் சிம்ம சொப்பனம். ஆனால் அந்தப் படையில் என்னென்ன வகைக் கப்பல்கள் இருந்தன, எதற்காகக் கட்டினார்கள், எதைக் கட்டாமல் விட்டார்கள் என்று கணக்குப் பார்த்தால்தான் 1945 ஆகஸ்டின் கதை விளங்கும். அணுகுண்டு விழுவதற்கு முன்பே அந்தத் தேசம் கடலில் மூச்சு முட்டிக் கிடந்தது. காரணம், அதன் படையில் இல்லாத ஒரு சின்னக் கப்பல்.

எல்லாவற்றுக்கும் வேர் 1905இல் இருக்கிறது. அந்த ஆண்டு மே மாதம் பாதி உலகத்தைச் சுற்றிக்கொண்டு வந்த ரஷ்யக் கப்பற்படையை, சுஷிமா நீரிணையில் அட்மிரல் தோகோ ஹெய்ஹாச்சிரோ இரண்டே நாளில் துவம்சம் செய்தார். ரஷ்யத் தரப்பில் பெருங்கப்பல்கள் வரிசையாக மூழ்க, ஜப்பான் இழந்தது மூன்று டார்பிடோ படகுகள். ஒரே மோதல், போர் முடிந்தது. அந்த வெற்றி ஜப்பானியக் கடற்படைக்கு வேதமாகிவிட்டது. இனி எந்தப் போர் வந்தாலும் இப்படித்தான் முடியும்: எதிரி தூரத்திலிருந்து வருவான், நாம் நம் வாசலில் காத்திருப்போம், ஒரு பெரும் மோதல், கதை முடிந்தது. அதற்குப் பின் வந்த நாற்பது ஆண்டுகளில் அவர்கள் கட்டிய கப்பல்களெல்லாம் அந்த ஒரு நாளுக்காகக் கட்டியவையே.

இந்தமுறை எதிரி அமெரிக்கா. 1922 வாஷிங்டன் ஒப்பந்தப்படி பிரிட்டனும் அமெரிக்காவும் ஐந்து பங்கு வைத்துக்கொள்ளலாம், ஜப்பானுக்கு மூன்று பங்கு. எண்ணிக்கையில் ஜெயிக்க முடியாது. எனவே திட்டம் இப்படிப் போனது. அமெரிக்கக் கப்பற்படை பசிஃபிக்கைக் கடந்து வரும் வழியில் நீர்மூழ்கிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக் குறைக்கும். தீவுகளிலிருந்து குண்டுவீச்சு விமானங்கள் இன்னும் கொஞ்சம் குறைக்கும். கடைசி இரவில் க்ரூசர்களும் டெஸ்ட்ராயர்களும் இருட்டில் பாய்ந்து டார்பிடோ வீசும். பொழுது விடிந்ததும் மிச்சம் இருப்பதைப் பெரும்பீரங்கிகள் கவனித்துக்கொள்ளும். ஒவ்வொரு கப்பல் வகைக்கும் இந்த நாடகத்தில் ஒரு வேஷம்.

கதாநாயகன் பேட்டில்ஷிப். மலைபோன்ற கவசமும் மிகப் பெரிய பீரங்கிகளும் கொண்ட கப்பல். போர் தொடங்கும்போது ஜப்பானிடம் பத்து இருந்தன, பின்னர் யமாட்டோவும் முசாஷியும் சேர்ந்தன. இவற்றில் பலவற்றுக்குப் பழைய மாகாணங்களின் பெயரை வைத்தார்கள். கனரக க்ரூசருக்கு மலையின் பெயர், இலகு க்ரூசருக்கு ஆற்றின் பெயர், டெஸ்ட்ராயருக்குப் பனிப்புயல், தூறல், காற்று என்று வானிலையின் பெயர். பெயரைக் கேட்டாலே கப்பலின் ஜாதகம் தெரிந்துவிடும். மொகாமி என்ற க்ரூசருக்கு ஆற்றின் பெயர் இருக்கிறது. காரணம், ஒப்பந்தக் கணக்குக்காக அதை 15.5 செ.மீ. பீரங்கிகளோடு இலகு க்ரூசராகக் கட்டினார்கள். ஒப்பந்தம் காலாவதியானதும் பீரங்கிகளைக் கழற்றிவிட்டு 20.3 செ.மீ. பீரங்கிகளைப் பொருத்திக் கனரக க்ரூசராக்கினார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை.

யமாட்டோவின் பீரங்கி வாய் 46 செ.மீ. அகலம். யமாட்டோ, முசாஷி தவிர உலகில் வேறு எந்தப் போர்க்கப்பலிலும் அவ்வளவு பெரிய பீரங்கி பொருத்தப்பட்டதில்லை. ஒரு குண்டின் எடை 1,460 கிலோ, ஒரு காரைத் தூக்கி 42 கிலோமீட்டருக்கு அப்பால் எறிவதற்குச் சமம். ஏன் 46? இங்கேதான் ஜப்பானிய மூளையைப் பாராட்ட வேண்டும். அமெரிக்கக் கப்பல்கள் அட்லாண்டிக்கிலிருந்து பசிஃபிக்குக்கு வர பனாமா கால்வாயைக் கடக்க வேண்டும். கால்வாயின் பூட்டறைகளின் அகலம் 33.5 மீட்டர். இந்த அளவு பீரங்கிகளைச் சுமக்கும் கப்பல் அதற்குள் நுழையாது. அதாவது அமெரிக்கா பதிலுக்குப் பதில் கட்ட நினைத்தாலும் கால்வாய் வழிவிடாது. யமாட்டோவின் அகலமோ கிட்டத்தட்ட 39 மீட்டர். ரகசியம் காக்க, அந்தப் பீரங்கிக்கு அதிகாரபூர்வமாகவே '40 செ.மீ.' என்று பொய்ப்பெயர் வைத்தார்கள்.

இத்தனை யோசித்தவர்கள், அமெரிக்கா அந்த ஆட்டத்துக்கே வராமல் போனால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை.

இரவு வேட்டைக்கான கப்பல்களில் ஜப்பானியர்கள் உண்மையிலேயே உலகை முந்தினார்கள். 1928இல் படையில் சேரத் தொடங்கிய ஃபுபுகி வகை டெஸ்ட்ராயர்களைப் பார்த்து மற்ற நாடுகள் வாய்பிளந்தன. டெஸ்ட்ராயரைத்தான் நம் பழைய பத்திரிகைகள் 'நாசகாரி' என்று எழுதின. பீரங்கிக்காரர்களை அலையிலிருந்தும் குண்டுச் சிதறலிலிருந்தும் காக்கும் மூடிய மேடைகள், 61 செ.மீ. டார்பிடோ குழாய்கள் ஒன்பது, அபார வேகம். ஆனால் ஆசைக்கு ஓர் அளவு இல்லை. ஒப்பந்தம் எடையைக் கட்டுப்படுத்தியது, கடற்படையோ ஆயுதத்தைக் குறைக்க மறுத்தது. சிறிய உடலில் பெரிய பீரங்கிகளை ஏற்றி ஏற்றித் தலை கனக்க வைத்தார்கள். 1934 மார்ச்சில் சாசெபோ அருகே ஒரு பயிற்சியின்போது டோமோசூரு என்ற புத்தம்புது டார்பிடோ படகு, புயலில் அப்படியே தலைகீழாகக் கவிழ்ந்தது. சுமார் நூறு பேர் செத்தார்கள். அடுத்த ஆண்டே ஒரு சூறாவளியில் ஃபுபுகி வகைக் கப்பல்கள் இரண்டின் மூக்கு அப்படியே முறிந்து போனது. அதன் பிறகே படை முழுவதையும் கரைக்கு இழுத்து, எடை குறைத்து, ஒட்டுப்போட்டு மீண்டும் அனுப்பினார்கள்.

அந்த டெஸ்ட்ராயர்களும் க்ரூசர்களும் சுமந்த டார்பிடோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 93ஆம் வகை என்பது அதன் பெயர். ஒன்பது மீட்டர் நீளம், மூக்கில் 490 கிலோ வெடிமருந்து. மற்ற நாட்டு டார்பிடோக்கள் அழுத்திய காற்றில் ஓடின. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன், எரிய உதவாது, குமிழியாக மேலே வந்து டார்பிடோவின் பாதையைக் கோடு போட்டுக் காட்டிக்கொடுக்கும். ஜப்பானியர்கள் சுத்தமான ஆக்சிஜனைப் பயன்படுத்தினார்கள். ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் சும்மாவே வெடிக்கும், பிரிட்டன் முயன்று பார்த்துக் கைவிட்ட சமாசாரம் அது. ஜப்பானியப் பொறியாளர்கள் ஓட்டத்தைச் சாதாரணக் காற்றில் தொடங்கி, படிப்படியாக ஆக்சிஜனுக்கு மாற்றும் முறையைக் கண்டுபிடித்தார்கள். பலன், 48 நாட் வேகத்தில் 20 கிலோமீட்டர். ஏறக்குறைய அதே வேகத்தில் அமெரிக்க டார்பிடோ ஆறு கிலோமீட்டரைக்கூடத் தாண்டாது. ரகசியம் கசியக் கூடாது என்று ஆக்சிஜனுக்கு 'இரண்டாம் காற்று' என்று செல்லப்பெயர்.

1942 பிப்ரவரி 27, ஜாவா கடல். ஹகுரோ, நாச்சி என்ற இரண்டு கனரக க்ரூசர்கள் வீசிய டார்பிடோக்கள் அன்றிரவு டச்சுக்காரர்களின் டி ரூய்ட்டர், ஜாவா என்ற இரண்டு கப்பல்களையும் விழுங்கின. அதற்கு முன் அன்று மாலையே ஒரு டச்சு டெஸ்ட்ராயர் இரண்டாகப் பிளந்திருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து டார்பிடோ வரும் என்று நேசநாட்டு மாலுமிகள் கனவிலும் நினைக்கவில்லை. பக்கத்தில் எங்கோ நீர்மூழ்கி ஒளிந்திருக்கிறது என்றுதான் எண்ணினார்கள்.

ஆனால் உலகை உண்மையில் அதிர வைத்தது வேறொரு வகை. விமானந்தாங்கிக் கப்பல்.

இதில் ஜப்பானின் குரு பிரிட்டன். 1921இல் செம்பில் பிரபுவின் தலைமையில் பிரிட்டிஷ் விமானிகள் குழு ஒன்று ஜப்பானுக்குப் போய்க் கடற்படை விமானிகளுக்குப் பாடம் நடத்தியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஹோஷோ என்ற ஜப்பானிய விமானந்தாங்கி படையில் சேர்ந்தது. ஆரம்பத்திலிருந்தே விமானந்தாங்கியாகக் கட்டத் தொடங்கிய முதல் கப்பல் பிரிட்டனின் ஹெர்ம்ஸ். ஆனால் வேலையை முடித்து முதலில் கடலுக்கு வந்தது ஹோஷோதான். ஹோஷோவின் தளத்தில் முதன்முதலில் விமானத்தை இறக்கிக் காட்டியவரும் ஓர் ஆங்கிலேயரே. பிறகு வாஷிங்டன் ஒப்பந்தம் புண்ணியத்தில், பாதியில் நின்றுபோன அகாகியும் அமாகியும் விமானந்தாங்கிகளாக மாற ஒதுக்கப்பட்டன. 1923இல் வந்த பெரும் நிலநடுக்கம் அமாகியின் முதுகெலும்பை முறித்துப் போட்டது. அதன் இடத்துக்கு வந்தது காகா. இப்படி விபத்தும் ஒப்பந்தமும் சேர்ந்து உருவாக்கிய அகாகியும் காகாவும் வேறு நான்கு விமானந்தாங்கிகளோடு 1941 டிசம்பர் 7 அன்று ஆறாக அணிவகுத்து, சுமார் 350 விமானங்களை பேர்ல் ஹார்பர்மீது ஏவின. அதுவரை எந்த நாடும் ஆறு விமானந்தாங்கிகளை ஒரே முஷ்டியாக மடக்கிக் குத்தியதில்லை.

நான்கு மாதம் கழித்து அந்த முஷ்டி நம் பக்கம் திரும்பியது. காகா மட்டும் பழுதுபார்க்கப் போயிருந்தது. மற்ற ஐந்தும் வைஸ் அட்மிரல் நகுமோவின் தலைமையில் இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தன. ஏப்ரல் 4 மாலை இலங்கைக்குத் தெற்கே ரோந்து பறந்த கனடா விமானி லியோனார்ட் பிர்ச்சால் அவற்றைப் பார்த்துவிட்டு, சுடப்பட்டு விழுவதற்கு முன் கொழும்புக்குச் செய்தி அனுப்பினார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. காலையில் கொழும்புத் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. பிரிட்டனின் பிரதானக் கப்பல்கள் மாலத்தீவின் அட்டு பவளத்தீவுப் பக்கம் ஒதுங்கியிருந்ததால் தப்பின. தனியாக மாட்டிக்கொண்ட டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு கனரக க்ரூசர்கள், விமானங்கள் வந்த இருபது நிமிட அளவில் கடலுக்குள் போயின. 424 பேர் இறந்தார்கள்.

ஏப்ரல் 9, திருகோணமலை. முன்கூட்டியே எச்சரிக்கை வந்ததால் ஹெர்ம்ஸை முந்தைய இரவே துறைமுகத்திலிருந்து வெளியே அனுப்பியிருந்தார்கள். மட்டக்களப்புக்கு அருகே வந்துகொண்டிருந்தபோது ஜப்பானிய விமானங்கள் கண்டுபிடித்தன. ஹெர்ம்ஸின் சொந்த விமானங்கள் ஒன்றுகூடக் கப்பலில் இல்லை, எல்லாம் கரையில். சுமார் நாற்பது குண்டுகள் விழுந்தன. 307 பேர் கப்பலோடு போனார்கள். கூட வந்த ஆஸ்திரேலிய டெஸ்ட்ராயர் வாம்பயரும் மூழ்கியது. வீட்டா என்ற மருத்துவக் கப்பல் பக்கத்தில் இருந்ததால் சுமார் 600 பேர் பிழைத்தார்கள். பாடம் சொல்லிக்கொடுத்தவன் ஆரம்பத்திலிருந்தே விமானந்தாங்கியாகக் கட்டத் தொடங்கிய முதல் கப்பலை மாணவன் மூழ்கடித்துவிட்டான். மட்டக்களப்புக் கடலில் ஐம்பது மீட்டருக்கும் கீழே ஹெர்ம்ஸ் இன்றும் கிடக்கிறது. முக்குளிப்பு உடை போட்டுக்கொண்டு போய்ப் பார்த்து வருகிறவர்கள் உண்டு.

அதே வாரத்தில் இன்னொரு ஜப்பானிய அணி வங்காள விரிகுடாவில் புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்களை வேட்டையாடியது. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டது. அடுத்தது மதராஸ்தான் என்று பீதி பரவ, மூட்டை முடிச்சோடு நகரமே ரயிலேறியது. அரசு அலுவலகங்கள் வெளியூர்களுக்கு மாற்றப்பட்டன. ஆனால் அப்போது ஜப்பானியர்கள் மதராஸ் பக்கம் வரவில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சரக்குக் கப்பல்களை வேட்டையாடினால் ஒரு பெரிய துறைமுகமே முடங்கும், ஒரு நகரமே காலியாகும் என்று ஜப்பான் கண்ணெதிரே பார்த்தது. நமக்கும் இதே கதி வரலாம் என்று அதற்குத் தோன்றவில்லை.

அடுத்த ஜூன் 4இல் மிட்வேயில் அகாகி, காகா, சோரியு, ஹிரியு என்று நான்கு விமானந்தாங்கிகள் போனது இந்தத் தொடரில் ஏற்கெனவே விரிவாகப் பார்த்த கதை. அதன் பின்விளைவுதான் இங்கே முக்கியம். கையில் இருப்பதையெல்லாம் விமானந்தாங்கியாக்கும் வெறி பிடித்தது. ஈசே, ஹ்யூகா என்ற இரண்டு பேட்டில்ஷிப்களின் பின்பக்கப் பீரங்கிகளைப் பிடுங்கிவிட்டு விமானத் தளம் வைத்தார்கள். முன்பாதி பேட்டில்ஷிப், பின்பாதி விமானந்தாங்கி. நரசிம்ம அவதாரம். இரணியனைக் கொல்லத்தான் ஆளில்லை. தயாராகி வந்தபோது அதில் ஏற்ற விமானமும் இல்லை, விமானியும் இல்லை. எந்தப் போரிலும் அந்தத் தளத்திலிருந்து ஒரு விமானமும் பறக்கவில்லை.

டெஸ்ட்ராயர்களின் கதி இன்னும் பரிதாபம். குவாடல்கனால் தீவில் சிக்கிய தரைப்படைக்குச் சோறு அனுப்ப வேண்டும். பகலில் அமெரிக்க விமானங்கள், எனவே மெதுவான சரக்குக் கப்பல்கள் நெருங்க முடியாது. உலகின் மிகச் சிறந்த இரவு வேட்டைக்காரர்கள் அரிசி சுமக்க ஆரம்பித்தார்கள். எண்ணெய்ப் பீப்பாய்களைக் கழுவி, பாதி அரிசி நிரப்பி, கயிற்றால் மாலையாகக் கோத்து, இருட்டில் கரையருகே கடலில் தள்ளிவிட்டு ஓட வேண்டும். கரையிலிருக்கும் சிப்பாய்கள் நீந்தி வந்து கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். 1942 டிசம்பர் 3 அன்று இரவு 1,500 பீப்பாய்களைத் தள்ளினார்கள். கரை சேர்ந்தவை 310. பட்டினியில் கிடந்தவர்களுக்கு இழுக்கத் தெம்பில்லை, விடிந்ததும் அமெரிக்க விமானங்கள் மிச்சத்தைச் சுட்டு மூழ்கடித்தன. இதே வேலைக்குப் போன ரியர் அட்மிரல் தனாகா ராய்ஸோவின் எட்டு டெஸ்ட்ராயர்கள் அதற்கு மூன்று நாள் முன்பு டஸ்ஸஃபரோங்காவில் அமெரிக்கப் படையை எதிர்பாராமல் சந்தித்து, ஒரு கனரக க்ரூசரை மூழ்கடித்து, மூன்றை நொறுக்கின. ஜப்பான் இழந்தது ஒரு டெஸ்ட்ராயர். அப்பேர்ப்பட்ட ஆட்களைத்தான் மூட்டை தூக்க வைத்திருந்தார்கள்.

நீர்மூழ்கிகளும் தப்பவில்லை. ஜப்பானிய நீர்மூழ்கிகள் பெரியவை, நெடுந்தூரம் போகக்கூடியவை, சிலவற்றில் ஒரு குட்டி விமானம்கூட மடித்து வைக்கப்பட்டிருக்கும். 1942 செப்டம்பர் 15 அன்று ஐ-19 ஒரே மூச்சில் வீசிய ஆறு டார்பிடோக்கள் வாஸ்ப் என்ற விமானந்தாங்கியைக் காலி செய்து, தாண்டிப்போய் ஒரு பேட்டில்ஷிப்பையும் ஒரு டெஸ்ட்ராயரையும் துளைத்தன. கடற்போர் வரலாற்றில் இதைவிடப் பலன் தந்த ஒரு வீச்சைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஆனால் மேலிடத்து உத்தரவு, போர்க்கப்பலைத் தேடு, சரக்குக் கப்பலில் டார்பிடோவை வீணாக்காதே. ஜெர்மானியர்கள் அட்லாண்டிக்கில் செய்ததை இவர்கள் பசிஃபிக்கில் செய்ய விரும்பவில்லை. சாமுராய்க்கு மளிகைக்கடைக்காரனை வெட்டுவது கௌரவக் குறைச்சல். பிறகு நீர்மூழ்கிகளும் தீவுகளுக்கு அரிசி சுமக்கப் போயின.

தமிழர்கள் மறக்க முடியாத ஒரு வேலையையும் ஒரு நீர்மூழ்கி செய்தது. பினாங்கிலிருந்து கிளம்பிய ஐ-29, 1943 ஏப்ரல் கடைசியில் மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே ஜெர்மனியின் யு-180ஐச் சந்தித்தது. கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. நேதாஜி சுபாஷ் சந்திர போஸும் அவருடைய உதவியாளர் ஆபித் ஹசனும் ஒரு ரப்பர் படகில் ஏறி, நனைந்து, ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறினார்கள். மே முதல் வாரத்தில் சுமத்ராவின் சாபாங்கில் இறங்கினார்கள். அதன் பிறகுதான் மலாயாவின் தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தது.

இப்போது, இல்லாத கப்பலுக்கு வருவோம்.

ஜப்பான் தீவு தேசம். எண்ணெய், இரும்புத் தாது, பாக்சைட், ரப்பர், அரிசி என்று எல்லாம் கடல் வழியாக வர வேண்டும். அது போருக்குப் போனதே எண்ணெய்க்காகத்தான். 1941இல் அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியதும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் பாலெம்பாங், பாலிக்பாப்பன் கிணறுகளைப் பிடித்தார்கள். பிடித்ததைக் கப்பலில் ஏற்றி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பத்திரமாகக் கொண்டுவர வேண்டுமே? அதற்குக் காவல் யார்?

போர் தொடங்கியபோது, சரக்குக் கப்பல்களோடு கூடவே போய் நீர்மூழ்கிகளிடமிருந்து காக்கத்தக்க 'காய்போகன்' என்ற காவல் கப்பல் வகையில் ஜப்பானிடம் புதிதாகக் கட்டியவை வெறும் நான்கு. ஷிமுஷு வகை. அவையும் வடக்கே குரில் தீவுகள் பக்கம் ரஷ்யர்களோடு தகராறு வராமல் மீன்பிடிப் படகுகளைப் பார்த்துக்கொள்ளக் கட்டியவை. ஏறத்தாழ 60 லட்சம் டன் வணிகக் கப்பல்களுக்கு நான்கு மீன்பிடிக் காவலர்கள்! மற்றபடி முதல் உலகப் போர்க் காலத்துப் பழைய டெஸ்ட்ராயர்கள். கடற்படைக் கல்லூரியில் முதல் வரிசையில் தேறியவன் பேட்டில்ஷிப்புக்குப் போவான். காவல் வேலை கிழவர்களுக்கும் ரிசர்வ் ஆட்களுக்கும். சுஷிமா கனவில் அதற்கு வேஷமே எழுதப்படவில்லை. கான்வாய் எனப்படும் சரக்குக் கப்பல் அணிகளைக் காக்கத் தனித் தலைமையகம் அமைந்தது 1943 நவம்பரில், போர் தொடங்கி இரண்டு ஆண்டு போன பின்.

வெள்ளம் தலைக்கு மேல் போனதும் அவசர அவசரமாகக் கட்ட ஆரம்பித்தார்கள். சி வகை, டி வகை என்று இரண்டு. வளைந்த தகடுகளை வடிவமைக்க நேரமில்லை என்று பக்கங்களை நேராகவே வெட்டி ஒட்டினார்கள். ஒவ்வொன்றும் 750 டன்னுக்குள். இரண்டு 12 செ.மீ. பீரங்கி, நீருக்குள் போய் வெடிக்கும் குண்டுகள் 120. சி வகைக்கு டீசல், டி வகைக்கு நீராவி டர்பைன். எந்த எஞ்சின் கைக்குக் கிடைக்கிறதோ அது. மாகாணம், மலை, பனிப்புயல் என்று பெயர் சூட்டவும் யாருக்கும் பொறுமையில்லை. சி வகைக்கு ஒற்றைப்படை எண், டி வகைக்கு இரட்டைப்படை எண். காவல் கப்பல் 1, காவல் கப்பல் 2, அவ்வளவுதான். சி வகையின் வேகம் 16.5 நாட். நீர்மேல் ஓடும் அமெரிக்க நீர்மூழ்கியின் வேகம் 20 நாட். திருடன் போலீஸைவிட வேகமாக ஓடினான், இருட்டில் பார்க்க அவனிடம் நல்ல ரேடாரும் இருந்தது, கான்வாய் எங்கே எப்போது போகும் என்ற ரகசியச் செய்திகளையும் அமெரிக்கா உடைத்துப் படித்துக்கொண்டிருந்தது.

கணக்கு இப்படி முடிந்தது. போர் முடிந்தபின் அமெரிக்கா நடத்திய ஆய்வின்படி அதன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்த ஜப்பானிய வணிகக் கப்பல்கள் 1,113. மொத்தம் சுமார் 48 லட்சம் டன். அதைச் செய்த நீர்மூழ்கிப் பிரிவில் இருந்தவர்கள் அமெரிக்கக் கடற்படை ஆட்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. 1945 மார்ச்சுக்குப் பிறகு தெற்கிலிருந்து எண்ணெய் வருவது நின்றே போனது. கிராமத்துப் பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பைன் மரங்களின் வேரைத் தோண்டி எடுத்து வேகவைத்து, விமானத்துக்கு எண்ணெய் இறக்கினார்கள்.

அமெரிக்க நீர்மூழ்கிகள் பெரியவர்களையும் விடவில்லை. யமாட்டோவின் இரண்டாவது தங்கையாகத் தொடங்கி, மிட்வேக்குப் பிறகு விமானந்தாங்கியாக மாற்றப்பட்ட ஷினானோ, அதுவரை உலகம் கண்ட மிகப் பெரிய விமானந்தாங்கி. 1944 நவம்பர் 19இல் படையில் சேர்ந்தது. பத்தாவது நாள் காலை கடலடியில் இருந்தது. ஆர்ச்சர்ஃபிஷ் என்ற ஒற்றை நீர்மூழ்கியின் நான்கு டார்பிடோக்கள் போதுமாக இருந்தன. தண்ணீர் புகாமல் அடைக்க வேண்டிய கதவுகளும் குழாய் வழிகளும் முழுதாக முடிக்கப்படவே இல்லை. 1,400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

யமாட்டோ? போரின் பெரும்பகுதியை நங்கூரத்தில் கழித்தது. குளிர்சாதன வசதியும் நல்ல சாப்பாடும் இருந்ததால் 'ஹோட்டல் யமாட்டோ' என்று மற்ற கப்பல் மாலுமிகள் கிண்டலடித்தார்கள். அந்த 46 செ.மீ. பீரங்கிகள் எதிரிக் கப்பல்களை நோக்கிச் சுட்டது ஒரே ஒரு முறை, 1944 அக்டோபர் 25 அன்று சமார் தீவுக்கு அருகே. எதிரில் இருந்தவை சின்னஞ்சிறு விமானந்தாங்கிகளும் டெஸ்ட்ராயர்களும். அதற்கு முந்தைய நாள்தான் நாகசாகி நாரில் ஒளிந்து வளர்ந்த முசாஷி, சிபுயான் கடலில் விமானங்களிடம் செத்தது. ஒகினாவாவை நோக்கித் திரும்பி வராத பயணம் கிளம்பிய யமாட்டோவை 1945 ஏப்ரல் 7 அன்று 380க்கும் மேற்பட்ட அமெரிக்க விமானங்கள் சூழ்ந்தன. சுமார் 3,000 பேரோடு மூழ்கியது. ஒரு அமெரிக்க பேட்டில்ஷிப்பைக்கூட அது நேருக்கு நேர் சந்திக்கவில்லை. நாற்பது ஆண்டு காத்திருந்த அந்த ஒரு நாள் வரவே இல்லை. பன்னிரண்டு பேட்டில்ஷிப்களில் போர் முடிந்தபோது மிதந்துகொண்டிருந்தது நகாட்டோ மட்டும். அதையும் அமெரிக்கர்கள் 1946இல் பிகினித் தீவுக்குக் கொண்டுபோய் அணுகுண்டுச் சோதனைக்கு இலக்காக்கினார்கள்.

யமாட்டோவின் கடைசிப் பயணத்திலும் ஷினானோவின் கடைசி இரவிலும் துணைக்குப் போயிருந்த யுகிகாஸே என்ற டெஸ்ட்ராயர் பிழைத்துக்கொண்டது. பின்னர் அது சீனக் குடியரசுக் கடற்படைக்குக் கைமாறி தைவானில் ஓடியது. கிழட்டு ஹோஷோவும் தப்பித்தது.

தோற்ற பிறகு ஜப்பானுக்குக் கப்பல் மிகவும் தேவைப்பட்டது. மஞ்சூரியாவிலிருந்து நியூ கினி வரை 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியர்கள் அயல்மண்ணில் சிக்கிக் கிடந்தார்கள். அவர்களை ஊர் கொண்டுவந்து சேர்க்கவும், அமெரிக்க விமானங்கள் துறைமுகங்களைச் சுற்றி விதைத்துவிட்டுப் போன கண்ணிவெடிகளைப் பொறுக்கவும் எண் போட்ட காவல் கப்பல்களில் எஞ்சியவை உதவின. காவல் கப்பல் வகையிலேயே எண்ணுக்குப் பதில் பெயர் சூட்டப்பட்டவற்றுள் ஷிகாவும் ஒன்று. போருக்குப் பின் கடலோரக் காவல் துறையில் கோஜிமா என்ற புதுப்பெயரோடு பயிற்சிக் கப்பலாக ஓடியது. ஓய்வு பெற்றபின் சிபா நகரக் கடற்கரையில் பொதுமக்களுக்கான கூடமாக நின்றது. ஜப்பானியக் கடற்படையின் அந்த வகையில் கடைசியாக மிஞ்சியிருந்த கப்பலை 1998இல்தான் உடைத்தார்கள்.

இத்தனை கப்பல்களைக் கொன்ற அமெரிக்க நீர்மூழ்கிகளுக்குப் போரின் முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு சங்கடம் இருந்தது. அவர்களுடைய டார்பிடோ இலக்கில் போய் முட்டினாலும் பல நேரம் வெடிக்கவில்லை. கடலில் இருந்த கேப்டன்கள் கத்திப் பார்த்தார்கள், வாஷிங்டனில் இருந்தவர்கள் கேட்கவில்லை. அந்தக் கூத்தை அடுத்த இதழில் பார்க்கலாம்.